வீட்டு பீர் மீது சுமத்திய பழி

லண்டனிலோ டொரன்டோவிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தில், "பையன் வீட்டிலேயே பீர் போடுகிறானாம்" என்று பேச்சு வந்தால் தீர்ப்பு உடனே வந்துவிடும். குடி முற்றிவிட்டது என்பார் ஒருவர். கடையில் வாங்கக் காசில்லையா என்பார் இன்னொருவர். கண் போய்விடும், ஜாக்கிரதை என்பார் மூன்றாமவர். இங்கிலாந்துக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். "எங்கள் அப்பாவும் செய்தார், வாயில் வைக்க முடியாது" என்பார்கள். மலிவாகப் போதையேற ஒரு குறுக்குவழி, சுவை கெட்டது, தேவையில்லாதது, உயிருக்கு ஆபத்தானது: வீட்டு பீர் பற்றி நிலவும் பொதுக்கருத்து இந்த நான்கும் சேர்ந்ததுதான். நான்கும் தவறு என்பது என் வாதம். பீர் போடுவது அடிப்படையில் ஒரு சமையல் கலை. அதைக் குடிப்பழக்கத்தின் கணக்கில் எழுதிவைத்ததால்தான் இத்தனை குழப்பமும்.

வாதத்துக்குள் போகுமுன் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்கு மட்டும்தான் என்றாலும் குற்றமே. ஆகவே சட்டம் இடம்கொடுக்கும் நாடுகளில் வாழ்பவர்களோடுதான் பேசுகிறேன். இரண்டாவது, மது உடலுக்கு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் சொன்னதை ஏற்கிறேன். குடியை நிறுத்த முடியாமல் தவிப்பவர், நிறுத்தி மீண்டவர், அப்படிப்பட்டவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர் இந்தப் பொழுதுபோக்கின் பக்கமே போகக்கூடாது. நாற்பது பைன்ட் பீர் வீட்டுக்குள் இருப்பது அவர்களுக்குச் சோதனை அல்ல, கேடு. இந்த எச்சரிக்கையில் எனக்குச் சமரசம் கிடையாது. ஆனால் அளவோடு குடிக்கும் ஒருவர் புதிதாக இதைக் கற்றுக்கொள்ள நினைத்தால், அவரைக் குடிகாரர் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

குறுக்குவழி என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இதைச் சொல்பவர்கள் செய்முறையை ஒருமுறையாவது பார்த்திருக்க மாட்டார்கள். பீரின் அடித்தளம் மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்து வாட்டிய பார்லி. குழந்தைக்காகக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் கூழ் காய்ச்சும் தாய்மார்களுக்கு இதிலுள்ள அறிவியல் கைப்பழக்கமாகவே தெரியும். முளைவிடும் தானியத்தில் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அதனால்தான் அந்தக் கூழ் நீர்த்தும் சற்று இனித்தும் இருக்கிறது. பீர் போடுபவர் நொறுக்கிய மால்ட்டை 65 முதல் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார். இறங்கிய இனிப்பு நீரை, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களோடு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிடுகிறார். பிறகு 20 டிகிரிக்குச் சட்டென்று ஆறவைத்து, கிருமிநீக்கிய வாளியில் ஊற்றி, ஈஸ்ட் சேர்த்து மூடுகிறார். வாளியின் மூடியில் காற்றுப்போக்கி ஒன்று இருக்கும். கரியமில வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. அப்படியே இரண்டு வாரம். புட்டியில் அடைத்தபின் நுரை பிடிக்க இன்னும் இரண்டு வாரம்.

ஆக, பானையை அடுப்பில் ஏற்றிய நாளிலிருந்து முதல் கோப்பை கைக்கு வர ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதத்தில் பெரும்பகுதி கழுவுவதிலும் காத்திருப்பதிலும் போகிறது. போதைக்குத் தவிப்பவர் இதைச் செய்வாரா? முக்குக் கடையில் அந்த நிமிடமே கிடைப்பதற்கு ஒரு மாதம் காத்திருப்பாரா? அடிமைப்பட்ட குடியின் இயல்பே பொறுக்க முடியாமை. இந்த வேலைக்கோ பொறுமைதான் முதல் தகுதி. அதுமட்டுமல்ல, எவ்வளவு வீரியம் வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் வசதி வீட்டில் செய்பவருக்கு உண்டு. இங்கிலாந்தின் பழைய மைல்ட் வகை பீர் மூன்று, மூன்றரை சதவீத ஆல்கஹாலோடு நின்றுவிடும். அதில் மணமும் சுவையும் நிறைவாக வரச் செய்வதைத் திறமையின் அடையாளமாக மதிக்கும் வீட்டுத் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

காசு மிச்சம் என்பதும் அரை உண்மைதான். பொருட்செலவை மட்டும் பார்த்தால் மலிவு. பானை, வாளி, வெப்பமானி, புட்டிகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போன நேரம் ஆகியவற்றையும் சேர்த்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வீட்டுத் தோட்டத்தில் தக்காளி வளர்ப்பவரிடம் கிலோ என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. இங்கே மட்டும் அந்தக் கேள்வி எழுகிறது என்றால், காரணம் கணக்கு அல்ல, சந்தேகம்.

சுவை கெட்டது என்ற பழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பிரிட்டனில் 1880ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, வீட்டில் பீர் போடவும் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அந்த உரிமத்தை நீக்கினார். விற்காதவரை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. மருந்துக்கடைச் சங்கிலியான பூட்ஸ் உட்பட பல கடைகளில் தயார்ப் பொதிகள் அடுக்கப்பட்டன. ஒரு தகர டப்பாவில் ஹாப்ஸ் சேர்த்துச் சுண்டவைத்த மால்ட் பாகு, மூடிக்கடியில் சிறு பொட்டலம் ஈஸ்ட், கூடவே ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை சேர்க்கச் சொல்லும் குறிப்பு. இவற்றை நாற்பது பைன்ட் தண்ணீரில் கலக்கி, வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடுவார்கள். சூடாக இருந்தால் சீக்கிரம் புளிக்கும் என்ற நினைப்பு.

ஏன் வாயில் வைக்க முடியவில்லை என்பதற்கான விடை இந்தக் குறிப்பிலேயே கிடக்கிறது. வெறும் சர்க்கரையை ஈஸ்ட் முழுவதுமாக ஆல்கஹாலாக்கிவிடும், பீருக்கு உடம்பு தரும் எதையும் மிச்சம் வைக்காது. அதனால் பீர் தண்ணியாகிறது. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் ஏல் என்ற பீர் வகையின் ஈஸ்ட்கள் பெரும்பாலும் நெயில் பாலிஷ் நெடியும் தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களும் உண்டாக்கும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பாகும் ஈஸ்ட்டும் பழசு. இதோடு குழாய்நீரிலுள்ள குளோரின் மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி வாடையைக் கொண்டுவரும். இவற்றில் ஒன்றுகூட வீட்டில் செய்ததால் வந்த குற்றமல்ல. சர்க்கரைக்குப் பதில் மால்ட் தூள், 11 கிராம் புதிய உலர் ஈஸ்ட், 18லிருந்து 20 டிகிரி, குளோரினை முறிக்க அரைக் காம்ப்டன் மாத்திரை. இந்த நான்கு மாற்றங்களைச் செய்தால் அதே தகர டப்பாவிலிருந்தே நல்ல பீர் வரும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தவறான செய்முறையை வைத்து இன்றைக்கும் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இதே இடத்தில், துறைக்கு உள்ளிருந்தே வரும் ஒரு தப்பெண்ணத்தையும் மறுத்தாக வேண்டும். தானியத்திலிருந்து தொடங்கினால்தான் அசல் பீர், பாகில் செய்வது ஏமாற்று என்று புதியவரை மிரட்டுபவர்கள் உண்டு. பளபளக்கும் எஃகுக் கலன்களும் மின் பம்புகளும் வாங்கினால்தான் தொடங்கலாம் என்ற எண்ணத்தைப் பரப்புவதும் அவர்களே. இனிப்பு நீரை மனிதன் தயாரிக்கிறான், பீரை ஈஸ்ட்தான் ஆக்குகிறது. முதல் ஐந்தாறு தடவை புதியவர் கற்றுக்கொள்ள வேண்டியவை சுத்தம், வெப்பக் கட்டுப்பாடு, பொறுமை ஆகியவைதான். பாகில் தொடங்குபவர் இவற்றில் கவனம் முழுவதையும் வைக்கலாம். கடையில் வாங்கிய மாவில் ரொட்டி சுடுபவரை யாரும் போலி என்பதில்லையே.

அடுத்தது, கடையில் நல்ல பீர் கிடைக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி. கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கடையில் இன்று கிடைக்கும் நல்ல பீரில் பெரும்பகுதி வீட்டு அடுப்படியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்ய அனுமதி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தடை 45 வருடம் நீடித்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான், ஆளுக்கு ஆண்டுக்கு 100 காலன், பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டுக்கு 200 காலன் என்று வரி இல்லாமல் அனுமதித்தது. அன்றைக்கு அந்த நாடு முழுவதும் பீர் ஆலைகள் நூறுகூட இல்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே வெளிறிய லாகர் வகை பீர் செய்துகொண்டிருந்தன. இன்று ஒன்பதாயிரத்துக்கு மேல்.

அந்த மாற்றத்தைத் தொடங்கியவர்கள் யார்? அமெரிக்கக் கடற்படை வேலையாக ஸ்காட்லாந்தில் இருந்தபோது வீட்டில் பீர் போடக் கற்ற ஜாக் மெக்காலிஃப், 1976இல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையை நிறுவினார். அதே ஆண்டு அதே மாநிலத்தின் சீகோ நகரில் வீட்டு பீர்ப் பொருட்களுக்கென்று கடை திறந்த கென் கிராஸ்மன், 1980இல் சியெரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். கிரேப்ஃப்ரூட் பழத்தோல் போலவும் ஆரஞ்சுத்தோல் போலவும் மணக்கும் காஸ்கேட் ஹாப்ஸ் 1972இல் வெளிவந்த ரகம். அதை உலகம் விரும்பும் சுவையாக்கியதில் அவருடைய பேல் ஏலுக்குப் பெரும்பங்கு உண்டு. நியூ ஆல்பியன் 1982இல் மூடப்பட்டது. ஆனால் அது காட்டிய வழி மூடவில்லை. ஸ்காட்லாந்தின் ப்ரூடாக் ஆலை 2016இல் தன் பீர்கள் அனைத்தின் செய்முறைகளையும் வீட்டில் செய்யும் அளவுக்கு வகுத்து இலவசமாக வெளியிட்டது. ஆலைக்கும் அடுப்படிக்கும் உறவு என்ன என்பதற்கு அந்தத் துறையே தந்த சாட்சியம் இது.

இன்னும் பின்னே போனால், ஆலை பிறந்ததே வீட்டிலிருந்துதான். இடைக்கால இங்கிலாந்தில் ஹாப்ஸ் சேர்க்காத ஏல் காய்ச்சுவது பெண்களின் வீட்டு வேலை, மிஞ்சியதை அக்கம்பக்கத்துக்கு விற்பதும் அவர்கள்தான். ஹாப்ஸ் சேர்த்த பீர் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வந்தபோது அது நீண்ட நாள் கெடாமல் இருந்தது, தூர ஊர்களுக்குப் போனது, பெரிய முதலீட்டைக் கேட்டது. பெண்கள் மெல்ல ஒதுக்கப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் ஒரு நூல் முழுவதும் இதை ஆவணங்களோடு காட்டியிருக்கிறார். ஆனால் நார்வேயின் மேற்குப் பண்ணைகள் சிலவற்றில் வீட்டு மரபு அறுபடவில்லை. குவெய்க் என்ற தங்கள் ஈஸ்ட்டை மரவளையங்களில் தோய்த்து உலர்த்தி, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள். மற்ற ஈஸ்ட்கள் பெரும்பாலும் சுவையைக் கெடுத்துவிடும் 35 டிகிரி வெப்பத்திலும் நல்ல மணத்தோடு புளிக்கவைக்கும் அந்த ரகங்களை இன்று ஆலைகள் தேடி வாங்குகின்றன. எந்தக் கம்பெனியின் ஆய்வுக்கூடமும் உருவாக்காத ஒன்றைப் பண்ணைவீடுகள் வைத்திருந்தன.

ஆலைகளை நான் இகழவில்லை. ஒரே லாகரை ஆண்டு முழுவதும் ஒரே சுவையில் தருவது மிகக் கடினமான தொழில்நுட்பம், வீட்டில் செய்பவருக்கு அது லேசில் கைகூடாது. அந்த ஒழுங்கிலிருந்து பிறந்த அறிவும் சாதாரணமானதல்ல. தனி ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பு எடுக்கும் முறையை எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கண்டார். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பிஎச் அளவுகோலை வேதியியலாளர் ஸோரென்ஸன் 1909இல் வகுத்ததும் அங்கேதான். புள்ளியியல் மாணவர்கள் பயன்படுத்தும் டி சோதனையை 1908இல் வெளியிட்ட வில்லியம் காஸெட், டப்ளினின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்தவர். வேதியியலும் நுண்ணுயிரியலும் கணக்கும் கைகோக்கும் இந்தத் துறையை, இருபது லிட்டர் வாளி வைத்து ஒரு சாதாரண மனிதர் தொட்டுப்பார்க்க முடிகிறது. இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

ஒரு ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குழலுக்குள் அளவு எழுதிய ஒரு மிதவை, அவ்வளவுதான். ஈஸ்ட் போடுமுன் இனிப்பு நீரில் விட்டால் 1.045 என்று காட்டுகிறது. சர்க்கரை கரைந்த நீர் கனமானது, மிதவையை உயர்த்திப் பிடிக்கிறது. பத்து நாள் கழித்து விட்டால் 1.011. மிதவை அத்தனை தூரம் இறங்கியதற்குக் காரணம், சர்க்கரை போய் ஆல்கஹால் வந்திருப்பது. வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஏறத்தாழ நாலரை சதவீதம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அதே அளவு நின்றால்தான் புட்டியில் அடைக்கலாம். அவசரப்பட்டு அடைத்தால் மிச்சச் சர்க்கரை புட்டிக்குள்ளேயே புளித்து, அழுத்தம் ஏறி, கண்ணாடி வெடிக்கும். இந்தப் பொழுதுபோக்கின் மெய்யான ஆபத்துகள் இவைதான்: வெடிக்கும் புட்டி, கொதித்துப் பொங்கும் பானை. இரண்டையும் தடுப்பது கவனமும் அளவுக்கருவியும்.

இப்போது எல்லாவற்றிலும் கனமான குற்றச்சாட்டு: கண் போகும், உயிர் போகும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் இதைச் சொல்லும்போது அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் கூலித் தொழிலாளிகள். அந்தச் சாவுகளை நினைத்து ஒருவர் பதறுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களைக் கொன்றது எது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். கொன்றது மெத்தனால். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான அந்த ரசாயனம் கைமாறி வந்து சாராயப் பாக்கெட்டில் சேர்க்கப்பட்டது.

தானியம் புளிக்கும்போது உருவாவது எத்தனால். மெத்தனால் முக்கியமாகப் பழத்தோல்களிலும் சதையிலும் உள்ள பெக்டின் சிதைவதிலிருந்து வருகிறது. பார்லியில் அது மிகக் குறைவு, அதனால் பீரில் மெத்தனால் இம்மியளவுக்கு மேல் இருக்க வழியில்லை. வீட்டிலே போட்டாலும் ஆலையிலே போட்டாலும் இதுதான் நிலை. பீர் போடுவதில் வாலை வடித்தல் கிடையாது, ஆகவே எதுவும் செறிவாக்கப்படுவதுமில்லை. சாராயம் வடிப்பது வேறு வேலை, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும்கூட உரிமமின்றி அதைச் செய்யக்கூடாது. நோய்க்கிருமிப் பயமும் அப்படித்தான். ஒரு மணி நேரம் கொதித்த நீர், ஹாப்ஸின் கசப்பு, நாலு நாலரைக்கு இறங்கிய பிஎச், ஆல்கஹால், ஆக்சிஜன் இல்லாமை எல்லாம் சேர்ந்த இடத்தில் மனிதரைக் கொல்லும் கிருமிகள் பிழைப்பதில்லை. சுத்தம் தவறினால் பீர் புளித்துக் கெடும், சாக்கடையில் கொட்ட வேண்டிவரும். இழப்பு அவ்வளவே.

செக் குடியரசில் 2012இல் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த மதுவால் இறந்தபோது, அந்நாட்டு அரசு 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவின் விற்பனையை நிறுத்தியது. பீர் விற்பனையை நிறுத்தவில்லை. நஞ்சு எங்கே வரும், எங்கே வராது என்று தெரிந்துதான் அந்தக் கோடு கிழிக்கப்பட்டது.

இந்தக் கோட்டை நாம் கிழிக்கத் தவறுவதற்கு ஒரு விலை உண்டு, அதை வீட்டில் பீர் போடுபவர் கொடுப்பதில்லை. சாராயச் சாவு நடக்கும்போதெல்லாம் "ஊறல் சரியில்லை", "பதம் தப்பிவிட்டது" என்று பேசுகிறோம். ஏதோ ஒரு சமையல் தவறிப்போனதைப்போல. அந்தப் பேச்சு யாருக்கு வசதி? மெத்தனாலை விற்றவனுக்கு, கடத்தியவனுக்கு, கலந்தவனுக்கு, கண்டும் காணாமல் இருந்த அதிகாரிக்கு. எந்த ஆலையிலிருந்து அந்த ரசாயனம் கிளம்பியது, யார் கணக்கில் எழுதாமல் விட்டது என்ற கேள்விகள் எழவேண்டிய நேரத்தில், புளிப்பைப் பழித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நஞ்சு வணிகத்தையும் தானியம் புளிப்பதையும் ஒன்றாகப் பார்க்கும் சமூகம், செத்தவர்களுக்கு நியாயம் கேட்க முடியாமல் போகும்.

ஆகவே, சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருந்து, உங்கள் குடி உங்கள் கட்டுக்குள் இருந்து, இதில் ஆர்வமும் இருந்தால், தயங்காமல் தொடங்குங்கள். பெரிய கலன்கள் வேண்டாம். பத்து லிட்டர் பானை, மூடியுள்ள வாளி, புட்டிகள், நல்ல கிருமிநீக்கி, வெப்பமானி, ஹைட்ரோமீட்டர், மால்ட் பாகு, உலர் ஈஸ்ட், எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். செய்ததை வீட்டாருக்கு மறைக்காதீர்கள். அளவு எடுக்கும்போது கூப்பிட்டுக் காட்டுங்கள், என்ன நடக்கிறது என்று விளக்குங்கள். இதைப் பழிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பழிக்குமுன் அந்த வாளிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்ட பிறகும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் விருப்பம், மதிக்கிறேன். தெரியாமல் சொல்லும் பழியை மட்டும் ஏற்க மாட்டேன்.